பத்து ஜெர்சி, பன்னிரண்டு பேர்

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் மேசையை விட்டு எழுந்து வருவார். கையில் ஓர் அட்டை, அதன்மேல் கிளிப் போட்ட ஸ்கோர் தாள். சட்டைப் பையில் நீலப் பேனா ஒன்று, சிவப்புப் பேனா ஒன்று. ஆட்டக்காரர்களின் முதுகுப் பக்கமாகப் போய், ஜெர்சியில் தைத்திருக்கும் எண்ணை விரலால் தொட்டு, "பேரு?" என்று கேட்பார். பெயரைச் சொல்ல வேண்டும். "நம்பரு?" என்பார். விரல் அந்த எண்ணின் மேலேயே இருக்கும். அதையும் வாயால் சொல்ல வேண்டும்.

ஒரு முறை அவருடைய ஞானப் பிள்ளையே வரிசையில் நின்றான்.

"மாமா, எனக்குப் பேரு வச்சதே நீங்க."

"அது கோயில்ல வச்சது. இங்க நீ சொல்லணும்."

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் ஒரு மாதா கோயில்; அதற்குப் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட கூடைப்பந்து மைதானம். உப்புக் காற்றில் வளையங்கள் துருப்பிடித்தே இருக்கும். அங்கே இருபது வருடங்களுக்கு மேல் அவர்தான் ஸ்கோரர். 'டேபிள் அண்ணன்' என்றால் எல்லோருக்கும் தெரியும். அவருடைய மகள் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்பதால் அவர் பெயரை எழுதவில்லை, அணியின் பெயரையும் எழுதவில்லை. எண்களையும் வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். இதற்கு முன் நான் எதையும் மாற்றி எழுதியதில்லை.

நான் ஆடியவன் அல்ல. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து, மாலையில் மைதானத்துக்கு வந்து உட்கார்ந்தவன். என்ன கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்கியது, மழை இருந்ததா, எத்தனை விளக்கு எரிந்தது, யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி வைப்பேன். புள்ளிகளுக்கு அவருடைய தாளைத்தான் கேட்க வேண்டும். நடுவர் கையெழுத்துப் போடும்வரை அதைக் கண்ணில் காட்ட மாட்டார். போட்ட பிறகு என் பக்கமாகத் திருப்பி வைத்து, "இனிமே இதான் மேட்ச். நாம பார்த்தது இல்ல" என்பார்.

அந்த வாக்கியத்தை அவர் எந்த அளவுக்கு நம்பினார் என்பதை ஒரு கார்த்திகை மாதத்தில் பார்த்தேன். ஐந்தாம் எண்காரன் போட்ட இரண்டு கூடைகளை அவர் எட்டாம் எண்ணின் பெயரில் எழுதிவிட்டார். அந்த ஐந்தாம் எண்காரனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைக்க இருந்தது. அந்தப் பருவத்தில் அவன் எடுத்த புள்ளிகளை வைத்துத்தான் தேர்வு. மறுநாள் காலை அவன் அணியையே கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தான். எட்டாம் எண்காரனே முன்னால் வந்து, "அண்ணே, அது ரெண்டும் நான் போடல" என்றான்.

"தெரியும்பா. நேத்து படுத்த அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. என் கண்ணு பண்ண தப்பு" என்றார் அவர்.

"அப்ப மாத்திடுங்கண்ணே. தாளு இன்னும் உங்க கைலதானே கீது. யாரும் கேக்க மாட்டாங்க."

"யாரும் கேக்க மாட்டாங்கன்றதாலதான் மாத்தக் கூடாது."

அன்று மாலை மந்தைவெளியில் இருந்த அந்தப் பையனின் வீட்டுக்கு நடந்தே போய், அவன் அம்மாவிடம், "உங்க புள்ளைக்கு நான் தப்பு பண்ணிட்டேன்" என்று சொன்னார். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டாள். அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. கோடம்பாக்கத்தில் சினிமா கம்பெனிகளுக்கு வேன் ஓட்டப் போனான். அதற்குப் பிறகு எதிரில் வந்தாலும் அவரோடு பேசியதில்லை. எனக்கும் அவர்மேல் வெறுப்பு வந்தது. என் நோட்டில் அந்த ஆட்டத்துக்குக் கீழே 'பிடிவாதம்' என்று ஒரே சொல் எழுதியிருக்கிறேன்.

வீட்டிலும் அப்படித்தான். மகளைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா பேச்சுவாக்கில், "பொண்ணு நல்லா படிக்குமா?" என்று கேட்டிருக்கிறார். "படிக்கும். பன்னெண்டாவதுல ஒரு தடவை கணக்குல ஃபெயில். அப்புறம் எழுதிப் பாஸ் பண்ணுச்சு" என்றாராம். அவர் மனைவி என்னிடம், "இவரை உள்ளார வச்சுக்கிட்டு நான் எந்தக் கல்யாணத்தைப் பேசறது? அடுத்த தடவை வந்தா கடைக்கு அனுப்பிடுவேன்" என்று புலம்பினாள். ஆனால் அந்த இடமே நிச்சயமானது. "அப்பா இப்படின்னா பொண்ணும் இப்படித்தான் இருக்கும்" என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னாராம்.

அவரும் ஒரு காலத்தில் ஆடியவர் என்பது பிற்காலத்தில் வந்தவர்களுக்குத் தெரியாது. மாநிலத்தையே கலக்கிய அந்தப் பழைய அணியில் அவர் பன்னிரண்டாவது ஆள். பதினைந்தாம் எண். ஆனால் பதினைந்தாம் எண் போட்ட ஜெர்சி என்று ஒன்று கிடையாது. பாண்டி பஜாரில் எடுத்த துணி பத்து ஜெர்சிக்குத்தான் வந்தது; நான்கிலிருந்து பதின்மூன்று வரை தைத்தார்கள். மீதி இரண்டு பேர் வெறும் உடம்போடு தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போக வேண்டி வந்தால், வெளியே வருகிறவன் ஜெர்சியைக் கழற்றிக் கொடுப்பான். அதை மாட்டிக்கொண்டு மேசைக்கு ஓடி, "ஏழுல பதினஞ்சு" என்று சொல்ல வேண்டும். ஏழாம் எண் ஜெர்சிக்குள் இருப்பது பதினைந்தாம் ஆள் என்று அர்த்தம். உள்ளூர் ஆட்டங்களில் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்த அணியைப் பற்றித்தான் படம் எடுத்தார்கள்.

எடுத்தவர் தேனாம்பேட்டையில் அலுவலகம் வைத்திருந்த ஓர் இளம்பெண். நல்ல உழைப்பாளி. இரண்டு நாள் என் வீட்டுக்கு வந்து நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தார். "ஃபைனல்ல கடைசி பாஸ்கெட் போட்டது யாருன்னு எதுல சார் இருக்கு?" என்று கேட்டார். பக்கத்தைப் புரட்டிக் காட்டினேன். அன்றைய ஸ்கோரரின் தாளைப் பார்த்து எழுதியது. ஏழு என்று இருந்தது.

அந்த ஏழைப் பற்றி மயிலாப்பூர்ப் பக்கம் கேள்விப்படாத ஆள் அன்று இல்லை. ஐப்பசி மழையில் இரண்டு முறை தள்ளிப்போன இறுதி ஆட்டம். எதிரணி வெளியூர், நடுவர்களும் வெளியூர். நம்முடையவர்கள் ஒரு புள்ளி பின்னால். சில விநாடிகளே மிச்சம். அணியின் நட்சத்திரமான ஏழாம் எண்காரன் கால் பிசகி விழுந்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார்கள். டைம் அவுட். எல்லோரும் வட்டமாகக் குனிந்து நின்றார்கள். வோல்டேஜ் குறைந்து விளக்குகள் மஞ்சளாகிவிட்டன. டைம் அவுட் முடிந்ததும் ஏழு மறுபடி உள்ளே வந்தான். பந்தை வாங்கினான், எழும்பினான், போட்டான். சுளுக்கிய காலோடு போட்டான் என்பதுதான் கதை. சலூனில், மீன் கடையில், பூசை முடிந்து நிற்கும் கூட்டத்தில் நாற்பது வருடமாகச் சொன்ன கதை.

படத்தை முதலில் கோயில் கூடத்தில்தான் போட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலைப் பூசைக்குப் பிறகு. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பின்னால் நின்றார்கள். லஸ்ஸில் மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றியிருந்ததால் பலர் தாமதமாக வந்து, "முதல்லேர்ந்து போடுங்கப்பா" என்று சத்தம் போட்டார்கள். பழைய ரசிகர்கள் படத்தைப் பார்க்கவில்லை. படத்துக்குள் தங்களைத் தேடினார்கள்.

"அதோ, கம்பத்துக்குப் பக்கத்துல, வெள்ளைச் சட்டை, நான்தான்."

"உன் மூஞ்சிக்கு அது கம்பம்தான் மச்சி."

"இன்னா நைனா, ரெஃப்ரியை இவ்ளோ நல்லவனா காட்டிக்கினு கீறாங்க. அன்னிக்கு அவனைக் கல்லால அடிச்சோமே, அதைக் காணோம்."

"நீ அடிச்சது நம்ம கோச்சை."

ஒரு பெண்மணி தன் இறந்துபோன அண்ணனின் பழைய கிராப்பைத் திரையில் பார்த்துவிட்டு அழுதாள். அவளைச் சமாதானம் செய்தவரும் அழுதார்.

ஏழாம் எண்காரன் வெளிநாட்டிலிருந்து பேசினார். வழுக்கைத் தலை, பின்னால் பனி மூடிய ஜன்னல். "கால் வலிச்சுதான்னு எல்லாரும் கேக்கறாங்க. அது ஞாபகமில்ல. பால் கையை விட்டுப் போனதுதான் ஞாபகம்" என்றார். கூடத்தில் விசில் பறந்தது. அந்தக் கூடையின் அசையும் படம் யாரிடமும் இல்லாததால் கோட்டோவியமாக வரைந்து காட்டினார்கள். நொண்டிக்கொண்டே ஓடும் ஓர் உருவம், முதுகில் ஏழு. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முன்வரிசையில் இருந்த பழைய கேப்டன் மட்டும் கைதட்டாமல், உடம்பைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே கதவோரம் டேபிள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் தலை குனிந்து தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய மகள் அன்று கணவர், மாமியார், அலுவலகத் தோழிகள் மூன்று பேர் என்று ஒரு கூட்டத்தையே அழைத்து வந்திருந்தார். படம் முடிந்து வெளியே டீயும் சமோசாவும் கொடுத்தபோது நான் அவர்கள் பக்கத்தில் நின்றேன். மகளின் முகம் சரியாக இல்லை.

"அப்பா, அந்தக் கடைசி பால்..." என்று மெதுவாகத் தொடங்கினார். "நீங்க போட்டதுன்னு என்கிட்ட சொன்னீங்களே."

அவர் டீயைப் பார்த்தார்.

"நாலாவது படிக்கறப்ப, ஓட்டப் பந்தயத்துல கடைசியா வந்து அழுதுகிட்டு இருந்தேனே. அப்ப சொன்னீங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னீங்க. நான் சொல்லவே இல்லப்பா. இந்தப் படம் வருதுன்னு தெரிஞ்ச அப்புறம்தான் இவங்ககிட்ட எல்லாம் சொன்னேன்."

"சும்மா சொன்னேம்மா."

"சும்மான்னா?"

"பொய் சொன்னேன். நீ அழுதுக்கிட்டு இருந்தே."

அலுவலகத் தோழிகளில் ஒருத்தி கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். மாமியார்தான் நிலைமையைச் சமாளித்தார். "விடும்மா. எல்லா அப்பனும் சொல்றதுதான். எங்கப்பா சிங்கத்தைத் துரத்துனேன்னு சொல்லுவாரு. அவர் செங்கல்பட்டைத் தாண்டுனதே இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அன்று ராத்திரி நோட்டைத் திறந்தேன். அவர் பொய் சொன்னார் என்பதை என்னால் எந்தப் பக்கத்திலும் எழுத முடியவில்லை. மூன்றாம் நாள் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். பழைய கேப்டனுக்கு அங்கே வண்டி உதிரிபாகக் கடை. "அன்னிக்கு ஏன் திரும்பிப் பார்த்தீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

அவர் கடைக்கு வந்திருந்த ஆளை அனுப்பிவிட்டு, ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"சார், அந்த ஃபைனலுக்கு முன்னால ரெஃப்ரி ரெண்டு டீமையும் கூப்பிட்டு இன்னா சொன்னான் தெரியுமா? ஒரு ஆளு ஒரு நம்பரு. ஜெர்சி மாத்துனீங்கன்னா மேட்சை அவங்களுக்குக் குடுத்துடுவேன்னான். எங்களாண்ட பத்து ஜெர்சிதான் கீதுன்னு அவனுக்குத் தெரியும். அப்புறம் பார்த்தா ரெண்டு பேரு அஞ்சு ஃபவுலு ஆயி வெளிய, இன்னும் மூணு பேருக்கு ஏற்கெனவே அடி. ஏழும் கால் போயிட்டான். நாலு பேரை வச்சுக்கினு ஆடணும். ஜெர்சி இல்லாத ரெண்டு பேரும் சும்மா உக்காந்துகினு கீறாங்க. அதுல ஏழும் நம்ம டேபிள்காரனும் ஒரே ஒசரம், ஒரே ஒல்லி. சுத்தி நின்னு மறைச்சுக்கினோம். நான்தான் கழட்டி மாட்டி வுட்டேன்."

"மேசைல சொல்லலையா?"

"சொன்னா கப்பு போச்சே சார். மேட்ச் முடிஞ்சதும் ஒருத்தனும் மூஞ்சியைப் பார்க்கறதுக்கு முன்னாடி நாங்களே தூக்கிக்கினு ரூமுக்கு ஓடிட்டோம். பன்னெண்டு பேரும் மாதா மேல சத்தியம் பண்ணோம், வெளிய சொல்றதில்லன்னு."

"ஏழாம் நம்பர்காரர் படத்துல அப்படிப் பேசறாரே."

"அவன் பொய் சொல்லல சார். ஊரே சொல்லச் சொல்ல அவனுக்கே அப்டி ஆயிடுச்சு. ரெண்டு வருஷம் முன்ன போன்ல பேசறப்ப, அந்தக் கால் இன்னும் வலிக்குதுடான்னான். அது நெசம்தானே."

அடையாறில் மகளின் குடியிருப்பில்தான் டேபிள் அண்ணன் இருந்தார். மனைவி இறந்த பிறகு அங்கே வந்துவிட்டார். மறுநாள் காலையில் போனேன். மகள் அலுவலகம் போகும் அவசரத்தில் இருந்தார். "அப்பா, மாத்திரை போட்டுட்டீங்களா?" என்றார். "போட்டுட்டேம்மா" என்றார் அவர். மகள் சரி என்று தலையாட்டிவிட்டு, அலமாரியைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார். பிறகுதான் செருப்பை மாட்டினார்.

கதவு சாத்தியதும் அவர் என்னைப் பார்த்தார். "முன்னெல்லாம் எடுத்துப் பார்க்க மாட்டா" என்றார்.

கேப்டன் சொன்னதை நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"என் நோட்டைப் பார்த்துத்தான் அந்தப் பொண்ணு படம் எடுத்தாங்க. தப்பை நான் திருத்தறேன்" என்றேன்.

"நீங்க எழுதுனதுல தப்பு இல்ல சார். தாளைப் பார்த்து எழுதுனீங்க. தாள்லயும் தப்பு இல்ல. ஏழாம் நம்பர்தானே போட்டுது."

"அந்த ஏழுக்குள்ள நீங்க இருந்தீங்களே."

"அதை நான் மேசைல சொல்லல. சொல்லாததால கப்பு வந்துது. அதுக்கப்புறம் எத்தினி பேரை நிக்க வச்சு பேரு இன்னா, நம்பரு இன்னான்னு கேட்டிருக்கேன். அந்த மந்தைவெளிப் பையனுக்கு ரெண்டு கூடையைத் திருப்பிக் குடுக்க மாட்டேன்னுட்டேன். அவன் இன்னிக்கும் வேன்தான் ஓட்டறான். இப்ப எனக்குன்னு வந்தா மட்டும் அழிச்சு எழுதலாமா?"

"மகள்கிட்டயாவது சொல்லலாம். அவங்க உங்களைப் பொய் சொல்றவர்னு நினைக்கறாங்க."

"அவகிட்ட சொன்னது ஒண்ணுதான் சார் நான் பண்ண தப்பு. சத்தியத்தை மீறிச் சொன்னேன். பத்து வயசுகூட ஆவல அப்ப. மூஞ்சியைப் பார்த்தேன், வாய்ல வந்துடுச்சு." மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். "அவங்க மாமியார் இப்பல்லாம் எங்கிட்ட நல்லா பேசறாங்க. கதை கேக்கறாங்க. 'வேற இன்னா பண்ணீங்க சம்பந்தி, அந்தக் காலத்துல'ன்னு கேக்கறாங்க. பேரப் பொண்ணும் வந்து உக்காந்துக்கறா. நான் வாயைத் திறந்தா எல்லாரும் சிரிக்கத் தயாரா இருக்காங்க."

அதற்குப் பிறகு நான் போனபோதெல்லாம் அவர் குறைவாகத்தான் பேசினார். பேச்சு முடிந்ததும், கேட்டவர் முகத்தை ஒரு முறை பார்த்துக்கொள்வார். கதவைப் பூட்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டு, பூட்டை யாராவது இழுத்துப் பார்க்கிறார்களா என்று நிற்பார். இழுத்துப் பார்த்தார்கள், அன்பாகத்தான் பார்த்தார்கள். தவக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். இறுதிப் பூசைக்குப் பழைய அணியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். அந்த மந்தைவெளிக்காரன் வரவில்லை.

அந்தக் கோடையில் பழைய ரசிகர்களின் வாட்ஸாப் குழுவில் ஒரு புகைப்படம் வந்தது. இறுதி ஆட்டத்தன்று வந்திருந்த ஸ்டூடியோக்காரரின் பிள்ளைகள், படத்தைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் துழாவியதில் கிடைத்ததாம். மூன்று பேர் ஓர் ஆட்டக்காரனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவன் முதுகு மட்டும்தான் தெரிகிறது, முதுகில் ஏழு. ஒரு மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேல் இதயங்களும் கும்பிடும் கைகளும். 'நம்ம சிங்கம்' என்று ஒருவர். 'சுளுக்குன காலோட' என்று இன்னொருவர்.

நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் பெஞ்சு தெரிந்தது. வெறும் உடம்போடு ஒருவன் குனிந்து உட்கார்ந்திருக்கிறான். தலையை மூடித் துண்டு. ஒரு காலில் ஷூ இல்லை, கணுக்கால் வீங்கியிருக்கிறது. இதற்கு மேல் ஓர் ஆதாரம் வேண்டியதில்லை. சத்தியம் செய்தது அவர்கள், நான் அல்ல. நல்ல தாளில் பெரிதாகப் பிரதி எடுத்து, உறையில் போட்டுக்கொண்டு அடையாறுக்குப் போனேன்.

மகள் காப்பி கொடுத்தார். அப்பாவைப் பற்றிப் பேச வந்தேன் என்றதும் அவரே தொடங்கிவிட்டார்.

"அங்கிள், அந்தப் படம் பார்த்தப்ப எனக்கு ரொம்பக் கோபம். என் ஆபீஸ்காரங்க முன்னாடி தலை குனிஞ்சு நின்னேன். அப்பா இருந்தவரைக்கும் அந்தக் கோபம் போகவே இல்ல. அவர் எதைச் சொன்னாலும் ஒரு தடவை சரிபார்ப்பேன். அவருக்கும் தெரியும். இப்ப நினைச்சா... அந்த இடத்துல அவர் சமாளிச்சிருக்கலாம் இல்லையா? படத்துல தப்பா காட்டறாங்கன்னு சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன். என் மாமியார், என் ஃபிரண்ட்ஸ் எல்லார் முன்னாடியும், பொய் சொன்னேன்னு எத்தனை பேர் ஒத்துக்குவாங்க? அதை நினைச்சாத்தான் அங்கிள் எனக்குத் தூக்கம் வருது. எங்கப்பா கடைசியில எங்கிட்ட உண்மையைச் சொல்லிட்டாரு."

என் கையில் உறை இருந்தது. அதைப் பார்த்து, "என்ன அங்கிள் அது?" என்றார். கொடுத்தேன்.

வெளியே எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். தோளில் தூக்கப்பட்டவனின் மேல் அவர் கண் நிற்கவே இல்லை. படத்தின் ஓரமாகப் போய்த் தேடி, பெஞ்சுக்கு வந்து நின்றது.

"ஐயோ, அப்பா" என்றார். "இதோ, ஜெர்சி இல்லாம உக்காந்திருக்காரு. துண்டு எப்பவும் அப்படித்தான் போட்டுக்குவாரு." கட்டைவிரலால் அந்தக் குனிந்த முதுகைத் தடவினார். "எல்லாரும் அந்தப் பக்கம் கொண்டாடறாங்க, இவரு மட்டும் தனியா. பாவம், அதனாலதான் எங்கிட்ட அப்படி ஒரு கதையைச் சொன்னாரு போல. முகம்தான் தெரியல. அப்பாதானே அங்கிள்?"

"அப்பாதான்" என்றேன்.